நடுச்சீட்டு

வேணாந் தம்பி, வேணாம், எந்திரிக்காதீக. நீங்க நடுவுலயே இருங்க. அவுகளும் நானும் புருசன் பொண்டாட்டிதான், அதுல ஒண்ணும் சந்தேகமில்ல, தாலி கட்டி முப்பத்திநாலு வருசமாச்சு. ஆனா ஒட்டி உக்காந்தா எங்களுக்குச் செரிப்பட்டு வராது. நடுவுல ஒரு ஆளு இருந்தாத்தான் எங்களுக்குள்ள பேச்சே நடக்கும். ஒம்பது வருசமா அப்படித்தான் ஓடுது.

காதுல வெள்ளையா என்னமோ மாட்டியிருக்கீகளே, மொச்சக்கொட்ட மாதிரி, அதச் செத்த கழட்டுங்க. ஆங். இப்பக் கேக்குதா?

சண்டையா? சண்டையெல்லாம் இல்ல தம்பி. சண்ட போடணும்னாலும் பேசணும்ல? பேசுறதில்ல, அம்புட்டுத்தான். அவுக சொல்றது எனக்குக் கேக்கும், நான் சொல்றது அவுகளுக்குக் கேக்கும், காது ரெண்டு பேருக்கும் நல்லாத்தான் இருக்கு. மொகத்தப் பாத்துச் சொல்றதில்ல. நான் ஆட்டுக்கிட்டச் சொல்லுவேன். ஏ கருப்பி, கஞ்சி ஊத்தி வச்சிருக்கு, குடிக்கிறவுக குடிச்சிட்டுக் காட்டுக்குப் போகட்டும்னு. அவுக டிவியில செய்தி வாசிக்கிற பிள்ளையப் பாத்துச் சொல்லுவாக, ஏம்மா, கொழம்புல உப்பு பத்தலன்னு. அந்தப் பிள்ள பாட்டுக்கு வெள்ளம், விபத்துன்னு வாசிச்சுக்கிட்டு இருக்கும். நான் உப்பப் போடுவேன். குடும்பம் நடந்துருச்சுல்ல?

நீங்க எந்தூரு? பந்தக்குடியா! அடியாத்தி, நம்ம பக்கத்துப் பிள்ள. நாங்க பரளச்சிக்கு அங்கிட்டு. எங்க சின்னம்மா மக சுப்பம்மாள பந்தக்குடியிலதான் குடுத்திருக்கு. ரோட்டோரத்துல டயரு கட வச்சிருக்காகளே, அந்த வீடு. அந்தக் கடையிலயா லாரி பஞ்சரு ஒட்டுனீக? பாத்தீகளா, ஒறவாகிப் போச்சு. அப்ப நான் கேக்குறதுல தப்பில்ல. அவுகள்ட்டக் கேளுங்க, சன்னலு வழியா வெயிலு மூஞ்சியில அடிக்குதான்னு.

என்னவாம்? அடிக்குதாமா? அப்ப அந்தப் பலகைய எறக்கி விடுங்க, அவுகளுக்கு எறக்கத் தெரியாது. கொரலு கம்மலா இருக்கா? ஆமா, தொண்ட கொஞ்சம் செரியில்ல. அது கெடக்கு, மொதல்ல இந்தக் கொடுமையக் கேளுங்க.

டிக்கெட்டு எடுத்தது எம்மக. சத்யபிரியான்னு பேரு. ஐதராபாத்துல பெரிய ஆசுபத்திரில நர்சு. ரயிலு ஒரு நாளைக்கு மேல ஆகும், அப்பாவுக்கு ஆகாது, பிளேன்ல வாங்கன்னுட்டா. இருக்கதுலயே வெல கொறஞ்ச டிக்கெட்டு. வெல கொறைவுன்னா எப்படிங்கிறீக? ஆளு மட்டும் ஏறிக்கிறலாம். மத்ததுக்கெல்லாம் தனித்தனியாக் காசு. பைக்குக் காசு, சீட்டுக்குக் காசு, தண்ணிக்குக் காசு. நம்மூரு மினி பஸ்ஸுல ஆட்டுக்குட்டியத் தூக்கிக்கிட்டு ஏறுனாத்தான் லக்கேஜு கேப்பான். அதுவும் கெஞ்சுனா விட்ருவான்.

அதுக்கு மேல இந்தக் கெடுபிடி வேற. ஆகஸ்டு பதினஞ்சு வருதுல்ல, ஏர்போட்டுல சல்லடை போட்டுச் சலிக்கிறாகளாம், மூணு மணி நேரம் முன்னாடியே போயிருங்கன்னு மக போனுல படிச்சுப் படிச்சுச் சொன்னா. அவுக அத நாலு மணி நேரமாக்கிட்டாக. விடியுறதுக்கு முன்ன தங்கசாமி ஆட்டோ வாசல்ல நிக்குது. வழி பூராம் அவருதான் எங்களுக்கு நடுவாளு. ஏய்யா தங்கசாமி, டிக்கெட்டு பையில இருக்கான்னு கேளுன்னு நான் சொல்ல, ஏலே தங்கசாமி, இருக்குன்னு சொல்லுன்னு அவுக சொல்ல, அந்த மனுசன் அருப்புக்கோட்டை வாரதுக்குள்ள அலுத்துட்டாரு. மதினி, நீங்க ரெண்டு பேரும் நேராப் பேசிக்கிட்டீகன்னா வாடகையில அம்பது ரூவா கொறச்சுக்கிறேன்னாரு. கொறைக்க வேணாம்னு சொல்லுன்னு அவுகதான் முந்திக்கிட்டாக.

ஏர்போட்டு வாசல்லயே ஒரு ஆளு துப்பாக்கியோட நிக்கிறாரு. ஆதாரு கார்டையும் என் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாக்குறாரு. அந்தப் போட்டாவுல இருக்கது நான்னு எனக்கே பிடிபடாது, அவருக்கு எங்கிட்டுப் பிடிபடும்? கூட வாரவரு பேரு என்னம்மாங்கிறாரு. டிக்கெட்டுல அச்சடிச்சிருக்குல்ல, நீங்களே படிச்சுக்கங்கன்னேன். ஐயாத்துரையான்னாரு. நீங்க சொன்னாச் செரிதான் சார்னு சொல்லிட்டு உள்ள வந்துட்டேன். முப்பத்திநாலு வருசமாச் சொல்லாத பேர ஒரு துப்பாக்கியப் பாத்துட்டுச் சொல்லிருவேனா?

உள்ள போனா கவுண்டரு. அங்கனதான் இருக்கு வெனையே. பைய வைங்கம்மான்னா அந்தப் பிள்ள. வச்சேன். பத்துக் கிலோ. ஏழு கிலோதான் கொண்டு போகலாமாம். மிச்ச மூணுக்கு, கிலோவுக்கு அறுநூறு ரூவா கட்டுங்கம்மான்னா. எனக்குக் கிறுகிறுன்னு வந்துருச்சு. ஏத்தா, உள்ள இருக்கது குதுரவாலி அரிசி, கருப்பட்டி, மொளகா வத்தலு. பூராம் வித்தாலும் ஆயிரத்தி எண்ணூறு தேறாதே. சுண்டக்கா காப்பணம், சொமகூலி முக்காப்பணம்னு சொல்லிக் கேட்டிருக்கேன், இன்னைக்குத்தான் கண்ணால பாக்குறேன்னேன். அவ விழுந்து விழுந்து சிரிக்கிறா. சிரிச்சாளே ஒழிய ஒத்த ரூவா கொறைக்கல.

அப்பத்தான் அவுக பைய வைக்கிறாக. நாலு கிலோ. எம்புட்டு? நாலே கிலோ. ரெண்டு வேட்டி, ஒரு துண்டு, ஆசுபத்திரிக் காயிதம். அந்தப் பிள்ள மொகம் மலந்து போச்சு. அம்மா, ஒங்க பையில இருந்து மூணு கிலோவ எடுத்து அய்யா பையில வச்சிருங்க, ரெண்டும் ஏழேழாயிரும், காசே கட்ட வேணாம்னா.

கணக்குச் செரிதான். ஆனா வைக்கணும்னா கேக்கணும்ல?

நீயே அவுகள்ட்டச் சொல்லுத்தான்னேன். அவுக காதுல விழாம என்ன, ஒரு முழம் தள்ளித்தான நிக்கிறாக. பைய வச்சுத் தள்ளுற வண்டி இருக்குல்ல, அதக் குனிஞ்சு பாத்துச் சொல்றாக, வச்சுக்கிறதுக்கென்ன, வேணுங்கிறவுக வாயத் தொறந்து கேக்கட்டும், வச்சுக்கிறேன்னு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துருச்சு. ஒம்பது வருசமாக் கேக்காதவ மூணு கிலோவுக்காகக் கேட்ருவேனா? பைய வெடுக்குன்னு எடுத்துக்கிட்டுப் பொம்பளைக பாத்ரூமுக்குள்ள போயிட்டேன்.

வெளிய வரும்போது நான் கட்டியிருந்த சேலைக்கு மேல இன்னும் ரெண்டு சேல. மடியில குதுரவாலி ஒரு கிலோ, இடுப்புல இந்தப் பக்கம் கருப்பட்டி, அந்தப் பக்கம் கருப்பட்டி. நடக்கவே முடியல தம்பி, நெறமாசக்காரி மாதிரி அசைஞ்சு அசைஞ்சு வாரேன். பைய வச்சேன். ஏழு கிலோ, முள்ளு அசையல. அந்தப் பிள்ள என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டுப் பையில அட்டையக் கட்டி விட்டுட்டா. பையத்தான் நிறுக்குறாக தம்பி, ஆள நிறுக்கிறதில்ல. தெரிஞ்சு வச்சுக்கங்க, ஒதவும்.

இன்னொரு கூத்து. எங்க ரெண்டு பேரையும் ஒண்ணு சேக்குறதுக்குன்னே எம்மக ஆளுக்கு முன்னூத்தம்பது கூடக் கட்டி ஒட்டுச்சீட்டா எடுத்து வச்சிருக்கா. நான் சும்மா இருப்பேனா, அதுவும் அந்தக் கோவத்துல? ஏத்தா, நடுவுல ஒரு சீட்டு விட்டுப் போட முடியுமான்னேன். மாத்துனா முன்னூறு ஆகும்மான்னா. இந்தான்னு சுருக்குப்பையில இருந்து உருவிக் குடுத்துட்டேன். சேந்து உக்காரவும் காசு, பிரிஞ்சு உக்காரவும் காசு. பிரிச்சுப் போடுன்னு காசு கட்டுன ஆள அந்தப் பிள்ள வேலைக்கு வந்து இன்னைக்குத்தான் பாக்குதாம். அவுக வண்டியப் பாத்துச் சொல்றாக, அரிசிக்குக் கட்டக் காசில்ல, ஆகாசத்துல தள்ளி உக்காரக் காசிருக்குன்னு.

ஆமாந் தம்பி, காசே கட்டாம நல்ல எடமாக் கெடச்சுருச்சுன்னு வந்து உக்காந்தீகள்ல, அது சும்மா கெடச்ச சீட்டில்ல. நான் முன்னூறு ரூவா குடுத்து ஒழிச்சு விட்ட சீட்டு. அதுக்காகவாவது நாஞ்சொல்றதக் கேக்கணும்ல.

யாத்தே! என்ன தம்பி இது, இந்த ஓட்டம் ஓடுது? ரோடு இருக்கா முன்னால? முனியாண்டி... முனியாண்டி... ஒங்க கையப் பிடிச்சுக்கிறேன், கோவிச்சுக்காதீக. தூக்கிட்டானா? தூக்கிட்டானா? வயிறு கீழயே நின்னுக்கிருச்சே.

என்னாது, அந்தக் கைய அவுக பிடிச்சிருக்காகளா? நெசமாவா? அடப் பாவமே, ஒங்க ரெண்டு கையும் போச்சு. வலிக்குதா? வலிச்சாலும் உருவிராதீக, செத்த நேரம் பிடிச்சுக்கிட்டும். பயந்த மனுசன், வெளிய காட்ட மாட்டாக.

ம், செரியாயிருச்சு. எங்கன விட்டேன்? ஆங், சலிக்கிற எடம். ஆம்பளைக்கு ஒரு வரிச, பொம்பளைக்கு ஒரு வரிச. பொம்பளைகளுக்குத் தெரையும் கட்டி வச்சிருக்கு. உள்ள காக்கி போட்ட ஒரு பிள்ள, வடக்கத்திப் பிள்ள, எம்மகளவிட எளசு. தமிழு அரகொறையா வருது, கை தூக்கும்மாங்கிறா. தூக்கினேன். கையில இருக்க மிசினக் கழுத்துப் பக்கம் கொண்டாந்ததும் கீ கீன்னு கத்துது. என்னான்னு பாத்தா, தாலிக்கொடியில கோத்திருக்க ஊக்கு. பதினோரு ஊக்கு. நம்மூருல தாலிக்கொடியில ஊக்கு இல்லாத பொம்பள உண்டா? நீங்களே ஒங்கம்மா கழுத்துல பாத்திருப்பீக. முள்ளு எடுக்க ஒண்ணு, கொக்கி போன ரவிக்கைக்கு ஒண்ணு, பையி கிழிஞ்சா ஒண்ணு, பக்கத்து வீட்டுக்காரி கேட்டா ஒண்ணு. அத ஒவ்வொண்ணாக் கழட்டித் தட்டுல வைக்கிறா. மூணாவதுல வெரல்ல குத்திக்கிட்டா. நான் அவ வெரலப் பிடிச்சு அமுக்கி விட்டேன். பாத்தா அவ சட்டையிலயே ஒரு பித்தான் இல்ல. இந்தா, ஒண்ண நீயே வச்சுக்கன்னு குத்தி விட்டேன். இப்ப பத்துத்தான் இருக்கு.

அம்புட்டோட விட்டாளா? கை மடிக்கு வந்துருச்சு. இது என்னாங்கிறா. அரிசின்னேன். இதுங்கிறா. கருப்பட்டின்னேன். எதுக்கு மூணு சாரிங்கிறா. குளிருக்குன்னேன். மதுரையில, ஆகஸ்டு மாசத்துல! அவ மேலதிகாரி அம்மாவக் கூப்புட்டா, அந்தம்மா இன்னொரு அம்மாவக் கூப்புட்டுச்சு. மடியில கனமில்லன்னா வழியில பயமில்லம்பாக. எனக்கு மடியில இருந்தது வெறுங் குதுரவாலிதான், ஆனா பயம் நெசப் பயம். ஒவ்வொரு சேலையா அவுத்து, ஒதறி, அரிசிய ஒரு தட்டுல கொட்டி, வெரல விட்டுக் கிண்டி, கருப்பட்டிய ஒடச்சு மோந்து பாத்து... அர மணி நேரத்துக்கு மேல ஆகிப் போச்சு. வெளிய எங்க பிளேனு பேரச் சொல்லி மைக்குல கூவுறாக.

அப்பத்தான் வெளிய இருந்து ஒரு சத்தம்... அது இருக்கட்டும், அதப் பெறகு சொல்றேன்.

பையில இருந்த மொளகா வத்தல எடுத்துட்டாக தம்பி. ஒரு கிலோ, எங்க காட்டு வத்தலு. பைலட்டு கண்ணுல தூவிருவேனாம். தூவிட்டு நான் எங்க போக, நானும் அதே பிளேன்லதான இருப்பேன்? குப்பையில போடாதீக தாயீன்னு கெஞ்சி, அங்கன கூட்டுற பொம்பளைட்டக் குடுக்க வச்சேன். பெருங்குடிக்காரியாம். ரெண்டு மாசக் கொழம்புக்கு ஆச்சுன்னா. அந்த வத்தல மொதல்லயே வீட்டுல விட்டிருந்தா நான் ஒரு கிலோ கொறச்சுச் சொமந்திருக்கலாம்.

அவுக பக்கம் என்ன நடந்துச்சுன்னா, பிளாஸ்க்குல கேப்பக்கூழு வடிகட்டித் தண்ணியாக் கொண்டாந்தோம். அவுக கொஞ்ச நாளா அது ஒண்ணுதான் குடிக்கிறாக. தண்ணியா எதுவும் கொண்டு போகக் கூடாதுன்னாராம் ஆபீசரு. அவுக டாக்டரு சீட்டக் காட்டியிருக்காக. அதப் படிச்சுப் பாத்த ஆபீசரு பிளாஸ்க்க மூடி ரெண்டு கையாலயும் குடுத்தாரு. நான் தெரைய விட்டு வெளிய வரும்போது அதத்தான் பாத்தேன்.

அதோட முடிஞ்சதுன்னு பாத்தா, பிளேனு ஏணிக்கிட்ட இன்னொரு தடவ தொழாவுறாக. அங்கனயும் ஊக்கு கத்துச்சு.

இந்தா, வண்டி தள்ளிக்கிட்டு வருது ஒரு பிள்ள. ஏத்தா, தண்ணி பாட்டிலு எம்புட்டு? அறுவதா? நூடுல்ஸு? எரநூத்தம்பதா! வேணாந்தாயி, பாத்ததுலயே வயிறு நெறஞ்சுருச்சு. வெந்நி மட்டும் ஒரு கிளாஸு குடுப்பியா, அவுகளுக்குக் கூழு கலக்கணும். காசு வேணாமா? தம்பி, இந்தப் பிளேன்ல காசில்லாமக் கெடச்சது இது ஒண்ணுதான். இத அவுகள்ட்டக் குடுங்க, பைய ஆத்திக் குடிக்கச் சொல்லுங்க. ஒரேயடியா விழுங்குனா பொரையேறும்.

எதுக்குப் பேசாம இருக்கோமா? கேட்டுட்டீகளா! நானும் நீங்க எப்பக் கேப்பீகன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். கேட்டாச் சிரிப்பீக. எம்மகளப் பொண்ணு பாக்க பாலவனத்தத்துல இருந்து வந்திருந்தாக. முப்பது பேரு இருக்கும். எல்லாம் நல்லபடியாப் போய்க்கிட்டு இருக்கு. பையனோட அம்மா, பொண்ணு சமைக்குமான்னு கேட்டாக. பொய் சொல்லலாமா தம்பி? எம்மக ரசம் வச்சா எங்க வீட்டு மாடு கூட மூஞ்சியத் திருப்பிக்கிரும்னேன். அம்புட்டுப் பேரும் சிரிச்சாக. நான் அதோட நிப்பாட்டியிருக்கலாம். சின்னதுல செவுத்துச் சுண்ணாம்ப நக்குனது, எட்டாப்புப் படிக்கும்போது பாலு கொதிச்சதக் கூடப் பாக்காம வாசல்ல நின்னு படிச்சதுன்னு சொல்லிக்கிட்டே போறேன். எனக்குத்தான் ஆரம்பிச்சா நிக்காதே, நீங்க பாக்குறீகள்ல. அவுக எந்திரிச்சு, ஏய், வாய மூடுறியா கொஞ்சம்னாக. முப்பது பேரு முன்னாடி, சம்மந்தம் பேச வந்தவுக முன்னாடி.

மூடிட்டேன். அவுகளுக்கு மட்டும் மூடிட்டேன். மத்த ஊரு ஒலகத்துக்கெல்லாம் தொறந்துதான் இருக்கு. சம்மந்தம் முடிஞ்சுருச்சு, கல்யாணம் நடந்துருச்சு, மருமகன் உதயகுமாரு அந்த ரசத்தத்தான் இன்னைக்கு வரைக்கும் ஊத்திச் சாப்புடுறாரு, கேட்டா நல்லாருக்குங்கிறாரு. எல்லாம் செரியாப் போச்சு, இது மட்டும் அப்படியே நின்னு போச்சு. மொத வருசம் அவுக வந்து பேசட்டும்னு நான் இருந்தேன், நான் வந்து பேசட்டும்னு அவுக இருந்தாக. அப்பறம் எப்படிப் பேசுறதுன்னே ரெண்டு பேருக்கும் மறந்து போச்சு.

கேக்கட்டும் தம்பி, நல்லாக் கேக்கட்டும். கேக்கட்டும்னுதான இம்புட்டுச் சத்தமாப் பேசுறேன். ஒங்களுக்காகவா தொண்டத் தண்ணி வத்தப் பேசுறேன்?

மகளப் பாக்கப் போறீகளாவா? மகளையும் பாக்கத்தான். அவ வேல பாக்குற ஆசுபத்திரில நாளன்னைக்கு அவுகளுக்கு ஆப்ரேசனு. தொண்டையில. உள்ள கட்டி வந்துருச்சு, கொரல்வளையவே எடுக்கணுமாம். எடுத்தா உசுருக்குப் பயமில்லங்கிறாக. பேச்சுத்தான் இருக்காதாம். பெறகு கழுத்துல ஓட்ட வழியா என்னமோ மிசின வச்சுக் கரகரன்னு பேசலாமாம், மக சொல்றா. ஆனா இந்தக் கொரலு வராது.

ஐயய்ய, நீங்க எதுக்குத் தம்பி மொகத்த அப்படி வச்சுக்கிறீக? உசுருக்கு ஒண்ணும் இல்லன்னுதான சொல்றேன்.

பீடிதான் காரணம்னாரு டாக்டரு. இருக்கும். நானும் அந்தப் பீடிய விடச் சொல்லி எத்தனையோ தடவ சொல்லிப் பாத்தேன். ஆட்டுக்கிட்டத்தான் சொன்னேன். ஆடு சொன்னா பீடிய விட்ருவாகளா? நேரா ஒரு வார்த்த நான் சொல்லியிருந்தா விட்ருப்பாகளோ என்னமோ. அது ஒண்ணு நெஞ்சுல கெடந்து அறுக்குது. இன்னொண்ணும் இருக்கு. அந்தப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்குச் சாயங்காலம் ஆத்தமாட்டாம ஆட்டுக் கொட்டத்துல போயி, என்னைய மூடுன்னு சொன்ன வாயி ஒரு நாளைக்கு மூடிப் போகும் பாருன்னு ஆட்டுக்கிட்டச் சொன்னேன். கோவத்துல சொன்னதுதான். நாக்குல சனி. டாக்டரு சீட்டக் காட்டி மக வெவரம் சொன்ன அன்னைக்கு எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. திருச்சுழி கோயில்ல மூணு வெள்ளிக்கெழம நின்னு, சொன்ன சொல்லத் திருப்பி வாங்கிக்க சாமீன்னு அழுதேன். அவுகளுக்குத் தெரியாது. இப்பத் தெரிஞ்சுருக்கும்.

என்ன சத்தமா? ஆமா, சொல்றேன்னேன்ல.

தெரைக்கு அங்கிட்டு நான் அர மணி நேரமா உள்ள கெடக்கேன். மைக்குல கூப்புட்டுக்கிட்டே இருக்காக. அவுக ரெண்டு பைய வச்சுக்கிட்டு வெளிய நிக்கிறாக, ரெண்டு மூணு காக்கிச் சட்ட உள்ள போறதப் பாத்திருக்காக. என்னையப் பிடிச்சு வச்சுக்கிட்டாகன்னு நெனச்சுட்டாக. சத்தமாப் பேசவே கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. நடுவுல சொல்லிவிட அங்கன ஆளில்ல. தங்கசாமி இல்ல, ஆடில்ல, அந்தத் தள்ளுவண்டியக் கவுண்டருக்கிட்டயே விட்டாச்சு. ஏ பெத்தம்மாங்கிறாக. பெத்தம்மா, எங்கடி இருக்கங்கிறாக. கிழிஞ்ச கொரலு தம்பி, பாதி காத்து, பாதி சத்தம். என் பேர அந்த வாயில கேட்டு ஒம்பது வருசமாச்சு.

நான் ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிக்கிறேன். இந்தா இருக்கேன்னு ஒரு வார்த்த, அம்புட்டுத்தான் சொல்லணும். தொண்ட வரைக்கும் வந்துச்சு, வெளிய வரல. அந்தக் காக்கிப் பிள்ள மிசின எறக்கிட்டு என் மூஞ்சியவே பாக்குறா. கண்ணுல தண்ணி ஓடுது, பாவம் அவ ஊக்கு குத்தித்தான் அழுகுறேன்னு நெனச்சுக்கிட்டு சாரி சாரிங்கிறா. சேலதான் கூடவே ரெண்டு இருக்கே தாயீன்னு மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு வெளிய வந்தேன். அவுக என்னையப் பாக்கல. என் பைய எடுத்து அவுக தோள்ல மாட்டிக்கிட்டு முன்னால நடந்துட்டாக. வத்தலு போக ஆறு கிலோ. கேக்காமயே எடுத்துக்கிட்டாக.

அங்கன புடிச்சு இம்புட்டு நேரமும் ஒங்கள்ட்டப் பேசிக்கிட்டே வாரேன். கூப்புட்ட ஆளுக்குப் பதிலு சொல்லாம, முன்னூறு ரூவா குடுத்து நடுவுல ஆள உக்கார வச்சு. எறங்குனா மக வந்து நிப்பா, மருமகன் நிப்பாரு, ஆசுபத்திரி, டாக்டரு, நர்சு, ஆளுக மாறி மாறி நடுவுல வந்துருவாக. பெல்டு லைட்டு அணைஞ்சுதான இருக்கு? மைக்குல எறங்கப் போறோம்னு சொல்ல இன்னும் நேரமிருக்குல்ல?

தம்பி, நான் எந்திரிக்கிறேன், நீங்க வெளிய வாங்க. வந்து என் எடத்துல உக்காருங்க. ஆமா, மொதல்ல வேணாம்னுதான் சொன்னேன், இப்பச் சொல்றேன் மாறுவோம். சீட்டு மாத்துனதுக்கு அந்தப் பிள்ள காசு கேட்டா கேக்கட்டும், சுருக்குப்பையில இன்னும் இருக்கு. பாத்து, கால மிதிச்சுராதீக. ம். அந்த மொச்சக்கொட்டைய எடுத்துக் காதுல மாட்டிக்கங்க. ரெண்டு காதுலயும் மாட்டுங்க. பாட்டு எதுனாச்சும் சத்தமாப் போட்டுக்கங்க.

செத்த தள்ளி உக்காருங்க, எனக்கு எடம் பத்தல, மூணு சேல கட்டியிருக்கேன்ல.

காலையில கூப்புட்டீகளே. என்னா?